முக்கு சேரணும்னா அளவு சேரணும்
ஸ்கர்டிங், பீடிங் வேலையில் மூலை வெட்டு - நம் உறுப்பினர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை



குழுக் கூட்டங்களுக்கு நாங்கள் வரும்போதெல்லாம் இரண்டு விதமான கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, கடன் வாங்கி வீடு கட்டி முடித்த உறுப்பினர்கள் கேட்பது. "டைல்ஸ் எல்லாம் நல்லாத்தான் போட்டிருக்காங்க. ஆனா சுவர் ஓரத்துல, முக்கு முக்குக்கு இடைவெளி நிக்குது. எறும்பு குடியேறிடுச்சு. கேட்டா ஒயிட் சிமெண்ட் வச்சு அடைச்சுக்கோங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. இது சரியா?" இன்னொன்று, கட்டட வேலைக்குப் போகிற உறுப்பினர்கள் கேட்பது. "நாங்க சித்தாளாவே எத்தனை வருஷம் கலவை சுமக்கிறது? டைல்ஸ் ஒட்டுற வேலை, பீடிங் அடிக்கிற வேலை எல்லாம் பொம்பளைங்களுக்கு வராதா?"

இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அது அளவு. எனவே இந்த இதழில், மூலைகளை எப்படி அளப்பது, எப்படி வெட்டுவது என்று விவரமாகப் பார்ப்போம். கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். முக்கூடலில் பீடி சுற்றும் நம் சகோதரிகளுக்கு இது புதிதே இல்லை. இலை மேலே தகட்டை வைத்து, நரம்பு படாமல், ஒரு இலையில் எத்தனை துண்டு எடுக்கலாம் என்று கண்ணாலேயே கணக்குப் போட்டு கத்தரியை ஓட்டுகிறீர்களே, அதேதான் இதுவும். இலைக்குப் பதில் டைல், கத்தரிக்குப் பதில் ரம்பம். அவ்வளவுதான் வித்தியாசம்.

எது ஸ்கர்டிங், எது பீடிங்?

தரையும் சுவரும் சேரும் இடத்தில் சுவரின் அடியில் ஓடும் பட்டைக்குப் பெயர் ஸ்கர்டிங். பழைய வீடுகளில் காவி சிமெண்டில் பூசியிருப்பார்கள், இல்லையென்றால் கறுப்புப் பெயிண்ட் அடித்திருப்பார்கள். இப்போது தரையில் போடும் டைலையே நாலு அங்குல உயரத்துக்கு வெட்டி ஒட்டுகிறோம். வீடு கழுவும்போது தண்ணீர் சுவர்ப் பூச்சில் ஏறாமலும், துடைப்பமும் மாப்பும் பட்டு வெள்ளை அழுக்காகாமலும் இருக்கத்தான் இந்தப் பட்டை.

கதவு நிலைக்கும் சுவர்ப் பூச்சுக்கும் இடையே தெரியும் பிளவை மறைக்க, நிலையைச் சுற்றி அடிக்கும் மரப்பட்டைக்குப் பெயர் பீடிங். போட்டோ, கண்ணாடி பிரேம் செய்வதும் இதே வேலையின் தங்கச்சிதான்.

குளிர் நாடுகளில் சுவரடிப் பட்டையையும் மரத்திலேயே போடுவார்கள். நம்ம ஊரில் அது ஒத்துவராது. நாம் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவர்கள். கரையான் வேறு இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரை ஊர்களில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததை நாம் மறக்க முடியாது. மரத்தூளை அழுத்திச் செய்கிற பலகை தண்ணீரில் ஊறினால் உப்பிவிடும், மறுபடி பழைய கனத்துக்கு வராது. அதனால் தரையோடு ஒட்டிய இடத்தில் டைல், தரைக்கு மேலே மரம் என்று வைத்துக்கொள்வதுதான் நமக்கு நல்லது.

முக்கு ஏன் வாயைத் திறக்கிறது?

இரண்டு பட்டை ஒரு மூலையில் சந்திக்கும்போது, இரண்டின் முனையையும் சரிபாதிக் கோணத்தில் சாய்த்து வெட்டிச் சேர்க்க வேண்டும். மூலை 90 டிகிரி என்றால் ஒவ்வொன்றும் 45 டிகிரி. தச்சர்கள் "நாற்பத்தஞ்சு வெட்டு" என்று சொல்வது இதைத்தான்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், நம் வீட்டு மூலைகள் சரியாக 90 டிகிரியில் இருப்பதே அபூர்வம். செங்கல் கட்டும்போது கொஞ்சம் விலகும். பூச்சு வேலையில் மூலைப்பக்கம் கலவை கூடுதலாகத் தங்கும். மூலை 92 டிகிரி இருக்கும்போது இரண்டு துண்டையும் கண்ணை மூடிக்கொண்டு 45-ல் வெட்டினால், 45-ம் 45-ம் 90 தானே? மீதி 2 டிகிரி இடைவெளியாக நிற்கும்.

அந்த இடைவெளி எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பது பட்டையின் அகலத்தைப் பொறுத்தது. 9 மில்லிமீட்டர் கனமுள்ள டைல் என்றால், 2 டிகிரி தப்பினாலும் இடைவெளி அரை மில்லிமீட்டர்கூட வராது. அதை ஒயிட் சிமெண்ட் வைத்து அடைப்பதில் தப்பில்லை. ஆனால் கதவைச் சுற்றி அடிக்கிற இரண்டரை அங்குல பீடிங்கில் அதே 2 டிகிரி தப்பினால் 3 மில்லிமீட்டர், அதாவது ஒரு நூல் அளவு வாயைத் திறக்கும். (1 அங்குலத்துக்கு 8 நூல்.) இதிலிருந்து இரண்டு விஷயம் புரிகிறது. டைல் முக்கில் ஒரு நூல் இடைவெளி தெரிகிறது என்றால் அது சுவரின் குற்றம் மட்டும் இல்லை, நீளம் குறைவாக வெட்டியிருக்கிறார்கள். அகலமான பீடிங்கில் இடைவெளி என்றால் கோணத்தை அளக்காமல் வெட்டியிருக்கிறார்கள்.

மூலை நேராக இருக்கிறதா? மூன்று - நாலு - ஐந்து

இதற்குப் பெரிய கருவி வேண்டாம். ஒரு டேப், ஒரு பென்சில் போதும்.

மூலையிலிருந்து ஒரு சுவர் ஓரமாக 3 அடி அளந்து தரையில் புள்ளி வையுங்கள். அடுத்த சுவர் ஓரமாக 4 அடி அளந்து புள்ளி வையுங்கள். இப்போது ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு நேராக டேப்பைப் பிடியுங்கள். சரியாக 5 அடி இருந்தால் மூலை 90 டிகிரி. வீட்டுக்கு வானம் தோண்டும்முன் கொத்தனார் கயிறு பிடித்து மூலை பார்ப்பதும் இதே கணக்குதான்.

5 அடிக்குக் கூடுதலாக இருந்தால் மூலை விரிந்திருக்கிறது. குறைவாக இருந்தால் ஒடுங்கியிருக்கிறது. எவ்வளவு என்று தெரிய ஒரு சுலபமான கணக்கை நினைவில் வையுங்கள். இந்த அளவில் ஒரு அங்குலம் கூடினால் ஏறக்குறைய 2 டிகிரி கூடுகிறது. அதாவது:

* 4 அடி 11 அங்குலம் வந்தால் - 88 டிகிரி - ஒவ்வொரு துண்டும் 44
* 5 அடி வந்தால் - 90 டிகிரி - ஒவ்வொரு துண்டும் 45
* 5 அடி அரை அங்குலம் வந்தால் - 91 டிகிரி - ஒவ்வொரு துண்டும் 45½
* 5 அடி 1 அங்குலம் வந்தால் - 92 டிகிரி - ஒவ்வொரு துண்டும் 46

வீட்டில் எத்தனை முக்கு இருக்கிறதோ அத்தனையையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரு முக்கு சரியாக இருந்தால் எல்லாம் சரியாக இருக்கும் என்று நினைக்கக் கூடாது. ஒரு தாளில் வீட்டுப் படம் வரைந்து, முக்குக்கு 1, 2, 3 என்று நம்பர் போட்டு, பக்கத்திலேயே அளவையும் எழுதிவிடுங்கள்.

கோணமானி இல்லாமல் பாதிக் கோணம் எடுப்பது

டிகிரி கணக்கே வேண்டாம் என்பவர்களுக்கு இரண்டு வழி இருக்கிறது.

காகித வழி: இது உள் முக்குக்கு. பழைய காலண்டர் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் படுக்க வைத்து மூலைக்குள் தள்ளுங்கள். இரண்டு சுவரையும் இடைவெளி இல்லாமல் தொடும்வரை அட்டையின் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்குங்கள். பிறகு ஒரு ஓரம் இன்னொரு ஓரத்தின்மேல் சரியாகப் படியும்படி மடியுங்கள். அந்த மடிப்புக் கோடுதான் பாதிக் கோணம். தையல் தெரிந்த சகோதரிகள், தலையணை உறையின் பார்டரை மூலையில் மடித்து அடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அதே மடிப்புதான்.

சட்ட வழி: இது தூண், ஜன்னல் ஓரம் மாதிரியான வெளி முக்குக்கும் சேரும். ஒரே அகலமுள்ள நேரான சட்டம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுவரை ஒட்டித் தரையில் வைத்து, அதன் வெளி ஓரமாகப் பென்சில் கோடு போடுங்கள். முக்கைத் தாண்டியும் கோடு கொஞ்சம் ஓடட்டும். அதே சட்டத்தை அடுத்த சுவரை ஒட்டி வைத்து இன்னொரு கோடு. இரண்டு கோடும் ஒரு இடத்தில் வெட்டிக்கொள்ளும். அந்தப் புள்ளியையும் சுவரின் முக்கையும் ஒரு கோட்டால் சேருங்கள். மூலை எத்தனை டிகிரியில் இருந்தாலும் அதுதான் நீங்கள் வெட்ட வேண்டிய சாய்வு.

மெஷினில் வெட்டுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மெஷினில் நேர் வெட்டுக்கு 0 என்று போட்டிருக்கும். அதனால் மூலை 92 டிகிரி என்றால் துண்டின் கூர்முனை 46 ஆக இருக்க வேண்டும். ஆனால் மெஷினில் 46 வைக்கக் கூடாது, 44 வைக்க வேண்டும். 90-லிருந்து 46-ஐக் கழித்தால் வருவது அது. 45-ல் மட்டும் இரண்டும் ஒன்றாக இருப்பதால் இந்த வித்தியாசம் பலருக்குத் தெரிவதில்லை. மூலை விரிந்திருக்கிறது என்று நினைத்து எண்ணைக் கூட்டிவிடுவார்கள், இடைவெளி இரண்டு மடங்காகிவிடும்.

நீளம் அளப்பது: சுவர்ப்பக்கமா, நம் பக்கமா?

கோணம் சரியாக வந்தும் துண்டு சேராமல் போவதற்குக் காரணம் நீளம். சாய்த்து வெட்டிய துண்டுக்கு இரண்டு நீளம் இருக்கும். சுவரை ஒட்டும் பக்கம் ஒன்று, நம் கண்ணுக்குத் தெரியும் முகம் இன்னொன்று.

உள் முக்கில் சுவர்ப்பக்கம் நீளம், முகப்பக்கம் கட்டை. வெளி முக்கில் சுவர்ப்பக்கம் கட்டை, முகப்பக்கம் நீளம். இந்த ஒரு வரியை மனப்பாடம் பண்ணிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஒரு உதாரணம். பூச்சு முடிந்த தூண் 250 மில்லிமீட்டர் அகலம். டைலின் கனம் 9, ஒட்டும் பசையின் கனம் 3. தூணின் ஒரு முகத்துக்கு இரண்டு பக்கமும் வெளி முக்கு. அப்படியென்றால் டைலின் முகநீளம் 250-ஓடு, இரண்டு பக்கமும் 12, 12 சேர்த்து 274 இருக்க வேண்டும். தூணை அளந்து 250 என்று வெட்டிவிட்டால் துண்டு வீண். நம் கண் முன்னால் குப்பைக்குப் போகிற டைலில் நிறைய இப்படிப் போனதுதான்.

வெட்டும்முன் செய்ய வேண்டியவை:

1. துண்டைச் சுவரில் எப்படி நிற்குமோ அப்படியே நிற்க வைத்து, எந்தப் பக்கம் சாய்வு என்று பென்சிலால் கோடு போடுங்கள்.
2. கழித்துப் போட வேண்டிய பக்கத்தில் பெருக்கல் குறி போடுங்கள். கோட்டின் மேலே வெட்டாமல், பெருக்கல் குறி இருக்கும் பக்கமாக ஒட்டி வெட்டுங்கள். ரம்பமும் 2 மில்லிமீட்டர் தின்னும் என்பதை மறக்க வேண்டாம்.
3. முதலில் சாய்வு முனையை வெட்டி முக்கில் சேர்த்துப் பாருங்கள். அது சேர்ந்த பிறகு மறுமுனையின் நீளத்தை வெட்டுங்கள்.
4. கூடுதலாக இருந்தால் தேய்த்துக் குறைக்கலாம். குறைந்துவிட்டால் வளர்க்க முடியாது.

டைல் வெட்டும் முறை

உள் முக்கில் டைலைச் சாய்த்து வெட்ட வேண்டிய அவசியமே இல்லை. ஒரு துண்டைச் சுவர் வரை முழுசாக ஓட்டி, அடுத்ததை நேராக வெட்டி அதன்மேல் முட்ட வைத்தால் போதும். இதற்கும் 45 வெட்டினேன் என்று கூடுதல் கூலி கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

வெளி முக்கில்தான் சாய்வு வேண்டும். டைலின் பின்பக்க ஓரத்தைக் கட்டிங் மெஷினால் 45-க்குச் சாய்த்துச் சீவ வேண்டும். மேலே பளபளப்பாக இருக்கிற பகுதியில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு ஓரத்தைத் தொடாமல் விட வேண்டும். கத்தி மாதிரி கூராகச் சீவினால் கால் பட்டதும், குழந்தை விளையாட்டுச் சாமான் பட்டதும் உதிரும், கையையும் கிழிக்கும். சீவ வராது என்றால், கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் அல்லது அலுமினியக் கார்னர் பட்டையை வைத்து, இரண்டு டைலையும் நேராக வெட்டி அதற்குள் செருகிவிடலாம். குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு இதுவே நல்லது.

டைல் எத்தனை வாங்குவது?

தரையில் போடுகிற 2 அடிக்கு 2 அடி டைல் என்பது 600 மில்லிமீட்டர். இதை நாலு அங்குலமாக வெட்டினால் 5 பட்டைதான் வரும், மீதி வீண். ஆனால் நாலு அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவாக, அதாவது 98 மில்லிமீட்டராக வெட்டினால், ரம்பம் தின்றதுபோக 6 பட்டை கிடைக்கும். பார்க்கிறவர் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

10 அடிக்கு 12 அடி அறை என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 44 அடி. வாசல் 3 அடி போக 41 அடி. 2 அடிப் பட்டை 21 வேண்டும். உடைசலுக்கு 2 சேர்த்தால் 23. ஒரு டைலுக்கு 6 பட்டை என்றால் 4 டைலில் 24 பட்டை வந்துவிடும். இந்த அளவு டைல் ஒரு பெட்டிக்கு 4 வரும், எனவே ஒரே பெட்டியில் முடிந்தது. ஒரு டைலுக்கு 5 பட்டை என்றால் 20 தான், இன்னொரு பெட்டி உடைக்க வேண்டும். வெறும் ஒரு நூல் வித்தியாசத்தில் ஒரு பெட்டி மிச்சம்! பீடி இலையில் துண்டு மிச்சம் பிடிக்கிற நமக்கு இது சொல்லித் தெரிய வேண்டுமா?

ஒன்று கவனியுங்கள். டைலின் கம்பெனி ஓரம் வருகிற பட்டையில் அந்த ஓரம் மேலே தெரியும்படி ஒட்டுங்கள். இரண்டு பக்கமும் வெட்டின பட்டையாக இருந்தால், மேலே வருகிற ஓரத்தைச் சாணைக்கல்லால் தேய்த்துவிட்டு ஒட்டுங்கள்.

கதவு பீடிங்

கதவைச் சுற்றி மூன்று பட்டை, மேலே இரண்டு முக்கு. முதலில் நிலையின் குறுக்களவு பாருங்கள். இடது மேல் முக்கிலிருந்து வலது கீழ் முக்குக்கும், வலது மேல் முக்கிலிருந்து இடது கீழ் முக்குக்கும் டேப் பிடியுங்கள். இரண்டும் சமமாக இருந்தால் நிலை நேராக இருக்கிறது. சமமாக இல்லை என்றால் நிலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. அப்போது ஒரு மேல் முக்கு 90-க்குக் கூடவும் இன்னொன்று குறையவும் இருக்கும். இரண்டுக்கும் தனித்தனி வெட்டு வேண்டும்.

கையால் வெட்டுகிறவர்கள் மைட்டர் பாக்ஸ் என்கிற மரப்பெட்டியை வைத்துக்கொள்ளலாம். தச்சரிடம் சொன்னால் மூன்று பலகையில் அடித்துத் தருவார். அதில் 45-க்கும் 90-க்கும் மட்டும்தான் வெட்டுத் தடம் இருக்கும். அரை டிகிரி, ஒரு டிகிரி மாற்ற வேண்டும் என்றால், பட்டைக்கும் பெட்டிச் சுவருக்கும் இடையே ஒரு முனையில் மட்டும் காலண்டர் அட்டையை மடித்து வையுங்கள். பட்டை லேசாகத் திரும்பி நிற்கும், வெட்டும் அதற்கேற்ப மாறும். நல்ல பட்டையில் கை வைக்கும்முன், அரை அடித் துண்டு இரண்டை வெட்டிச் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

மரம் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். ஈர மரத்தில் இன்றைக்கு எவ்வளவு அழகாக முக்குச் சேர்த்தாலும் கோடை வந்ததும் சுருங்கி வாய் திறக்கும். சேர்க்கும்போது வெட்டு முகத்தில் பசை தடவி, கொஞ்ச நேரம் விட்டு மறுபடி தடவி ஒட்டுங்கள். வெட்டு முகம் முதல் பசையை உறிஞ்சிவிடும்.

வீட்டிலிருந்தே தொடங்க: போட்டோ பிரேம்

வெளியே வேலைக்குப் போக முடியாத சகோதரிகளுக்கு, இந்தத் தொழிலைக் கைபழக நல்ல வழி பிரேம் வேலை. நாலு முக்கு, எல்லாம் 90 டிகிரி. இதில் சுவரின் குற்றம் என்று ஒன்று கிடையாது, கை பழகினால் போதும். எதிரெதிர்ப் பட்டைகள் மயிரிழை பிசகாமல் ஒரே நீளம் இருக்க வேண்டும். நீளம் மாறினால், 45 எவ்வளவு சுத்தமாக வெட்டியிருந்தாலும் நாலாவது முக்குச் சேராது.

கணக்கு இப்படி. படம் 12-க்கு 18 அங்குலம். பட்டையின் அகலம் 1 அங்குலம். கண்ணாடி உட்காரும் படி கால் அங்குலம். படத்துக்கு வெளியே நிற்பது முக்கால் அங்குலம். இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்றரை. ஆக வெளி அளவு 13½-க்கு 19½. நாலு பட்டையும் கூட்டினால் 66 அங்குலம், அதாவது ஐந்தரை அடி. கண்ணாடி இறுக்கமில்லாமல் உட்கார ஒரு நூலும், ரம்பச் சேதமும் சேர்த்து 6 அடிப் பட்டை வாங்க வேண்டும். விலை சொல்லும்போது ஐந்தரை அடிக்கு இல்லை, 6 அடிக்குச் சொல்லுங்கள். இந்த அரை அடியை விட்டுவிட்டு விலை சொன்னால் லாபம் அதிலேயே போய்விடும்.

உயிருக்குப் பாதுகாப்பு

இதைப் படிக்காமல் யாரும் மெஷினைத் தொட வேண்டாம்.

* டைல் வெட்டும்போது பறக்கிற தூசியில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் என்ற நோய் வரும். அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. புகையிலைத் தூசியில் ஏற்கனவே உட்கார்ந்திருக்கிற நமக்கு இன்னொரு தூசி வேண்டாம். முடிந்தவரை நேர் வெட்டுக்குக் கையால் கீறி ஒடிக்கும் கட்டரைப் பயன்படுத்துங்கள். மெஷின் என்றால் தண்ணீர் விட்டு வெட்டுங்கள். முந்தானையை மூக்கில் கட்டுவது போதாது, என்-95 மாஸ்க் வேண்டும். வெட்டின இடத்தைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.
* தண்ணீரும் கரண்டும் சேருகிற வேலை இது. கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் பிரேக்கர் உள்ள இணைப்பில் மட்டும் மெஷினை மாட்டுங்கள். ஒயரில் ஒட்டுப் போட்ட இடம் ஈரத்தில் கிடக்கக் கூடாது.
* சேலைக்கு மேலே சட்டை போட்டு முந்தானையை உள்ளே செருகுங்கள். முடியைக் கொண்டை போடுங்கள். கண்ணாடி வளையல், தாலிச் செயின் எதுவும் வெளியே தொங்கக் கூடாது. பிளேடின் மூடியைக் கழற்றிவிட்டு வேலை செய்யச் சொன்னால் முடியாது என்று சொல்லுங்கள்.
* கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது.

டேப் யார் கையில் இருக்கிறது?

கட்டட வேலை நடக்கிற எந்த இடத்தையும் பாருங்கள். கல்லும் மண்ணும் கலவையும் நம் தலையில். டேப்பும் மட்டமும் ஆண்கள் கையில். கூலி வித்தியாசம் அங்கேதான் பிறக்கிறது. சுமக்கிறவருக்கு ஒரு கூலி, அளக்கிறவருக்கு ஒரு கூலி. பெண்களுக்கு உடம்பில் பலம் இல்லை என்று சொல்வார்கள். ஆனால் அதிகம் பலம் வேண்டியிருக்கிற வேலையை நமக்குத் தருகிறார்கள், பொறுமையும் கண்பார்வையும் வேண்டியிருக்கிற வேலையை அவர்கள் வைத்துக்கொள்கிறார்கள்! இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

மற்ற இடங்களில் இது மாறியிருக்கிறது. கேரளாவில் 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீ இயக்கத்தில் பெண்களே கட்டுமானக் குழு அமைத்து வீடுகள் கட்டுகிறார்கள். கோட்டயம் மாவட்டம் ஏற்றுமானூரில் உள்ள அர்ச்சனா பெண்கள் மையம் பெண்களுக்குக் கொத்து வேலை, தச்சு வேலைப் பயிற்சி தந்திருக்கிறது. ஜார்க்கண்டில் தூய்மை இந்தியா திட்டத்தின்போது கழிப்பறை கட்டக் கற்றுக்கொண்ட கிராமத்துப் பெண்களை "ராணி மிஸ்திரி" என்றே அழைத்தார்கள். அவர்களில் பலரும் நம்மைப் போலக் குழுவில் இருந்து வந்தவர்கள்தான்.

நம் பகுதியிலும் பீடி வேலையை மட்டும் நம்பி எத்தனை நாள் என்ற கவலை எல்லார் வீட்டிலும் இருக்கிறது. அதே சமயம் வீடு கட்டுகிற வேலை நடந்துகொண்டேதான் இருக்கிறது. 2016-ல் பீடித் தொழிலாளர் வீட்டு மானியம் 1,50,000 ரூபாயாக உயர்ந்தது. 2024-ல் தமிழக அரசு கிராமப்புறங்களுக்கு கலைஞர் கனவு இல்லம் திட்டத்தை, வீட்டுக்கு 3,50,000 ரூபாய் என்று கொண்டுவந்தது. இந்த வீடுகளின் சொந்தக்காரி பெண், கடன் கட்டுபவள் பெண், கலவை சுமப்பவள் பெண். அளப்பவளும் பெண்ணாக இருந்தால் என்ன?

பயிற்சிக்கு, மாவட்டங்களில் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தைக் கேட்கலாம், பயிற்சி இலவசம். எந்தத் தொழிலுக்கு எப்போது பயிற்சி என்பதை ஊக்குநர் மூலம் விசாரியுங்கள். கட்டட வேலைக்குப் போகிறவர்கள், 1994-ல் ஏற்படுத்தப்பட்ட தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்துகொள்ளுங்கள். 18 வயது முதல் 60 வயது வரை பதியலாம். சித்தாளும் பதியலாம். பிள்ளைகள் படிப்பு, மகப்பேறு, விபத்து, ஓய்வூதியம் என்று உதவிகள் உண்டு. பி.எஃப். பிடிக்கிற பீடித் தொழிலாளியாக இருந்தால், பதியும்முன் தொழிலாளர் அலுவலகத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

வீடு கட்டுகிறவர்கள் கடைசிப் பணம் கொடுக்கும்முன் பார்க்க வேண்டியவை

1. ஒவ்வொரு முக்கிலும் ஒரு ஏ.டி.எம். கார்டைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் சரி செய்யச் சொல்லுங்கள்.
2. வெளி முக்கில் விரலை மெல்ல ஓட்டிப் பாருங்கள். கீறுகிற மாதிரி இருந்தால் சாணை பிடிக்கச் சொல்லுங்கள்.
3. ஸ்கர்டிங்கைக் காசால் தட்டிப் பாருங்கள். டப் டப் என்று பொள்ளல் சத்தம் வந்தால் பசை பிடிக்கவில்லை.
4. ஸ்கர்டிங்குக்கும் தரைக்கும் இடையிலுள்ள கோடு முழுக்க அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் ஏறுவது அந்த வழியாகத்தான்.
5. மிச்ச டைலையும் துண்டுகளையும் எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு ஒன்று உடைந்தால் அதே நிறம் கிடைக்காது.

அடுத்த கூட்டத்தில் செய்ய

ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்துக்கு ஒரு டேப், பென்சில், நாலு பழைய காலண்டர் அட்டை, கத்தரிக்கோல் கொண்டுவாருங்கள். கூட்டம் நடக்கிற அறையின் நாலு முக்கையும் 3 - 4 - 5 கணக்கில் அளந்து தீர்மானப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு அட்டையிலேயே பாதிக் கோணம் மடித்து, வெட்டி, முக்கில் சேர்த்துப் பாருங்கள். டேப்பை எப்போதும் பிடிக்கிற ஒருவரே பிடிக்காமல், இதுவரை தொடாத அக்கா, மதினி, அத்தை எல்லாரும் ஒருமுறை பிடிக்கட்டும். எந்தக் குழுவில் ஐந்து பேருக்கு மேல் பயிற்சிக்கு ஆர்வமாக இருக்கிறார்களோ, அந்தப் பெயர்களைக் கூட்டமைப்புக்கு எழுதி அனுப்புங்கள். ஒன்றாகச் சேர்ந்து கேட்டால்தான் பயிற்சி நம் ஊருக்கே வரும்.

அளக்கக் கற்போம், அளந்து வாங்குவோம், அளக்கிற கூலியையும் வாங்குவோம்.